மும்பைக்குப் போவதா, ஊரில் இருப்பதா?

பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் தமிழ்நாட்டின் ஜில்லாத் தலைநகர்களிலும் சிற்றூர்களிலும் ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. பையனுக்குப் பெரிய நகரத்தில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது, அனுப்புவதா, வேண்டாமா? உற்றார் உறவினரில் ஒரு சாரார் சம்பளத் தொகையைக் கேட்ட மாத்திரத்தில் ரயிலுக்கு டிக்கட் வாங்கச் சொல்லுகிறார்கள். மற்றொரு சாரார், பெற்றோரையும் பிறந்த மண்ணையும் விட்டுப் போகலாமா என்று கண்ணீர் உகுக்கிறார்கள். முதல் சாரார் வரவை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டாம் சாரார் கணக்கே பார்ப்பதில்லை. இவ்விரண்டு கூச்சலுக்கும் நடுவே, தன் வாழ்நாளில் பத்து இருபது வருஷங்களைப் பந்தயம் வைக்க வேண்டிய வாலிபன் திகைத்து நிற்கிறான்.

இந்த விஷயத்தைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நம்மவர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கும் நகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். பம்பாய் என்று வெகு காலம் வழங்கி, 1995-ஆம் வருஷம் மும்பை என்று பெயர் மாறிய நகரமே அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் அங்கே சென்று தாராவியில் குடியேறினார்கள். எழுத்து வேலைக்குச் சென்றவர்கள் மாதுங்காவில் ஒரு சிறு தென்னாட்டையே அமைத்துக்கொண்டார்கள். மும்பைக்குச் சென்ற ஒருவரையேனும் அறியாத குடும்பம் நம் தென் ஜில்லாக்களில் அபூர்வம்.

போவதற்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு இடமே இல்லை. பாரத தேசத்தின் எந்தப் பாகத்திலும் வசிக்கவும் குடியேறவும் அரசியல் சாசனத்தின் 19-ஆவது ஷரத்து ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை அளித்திருக்கிறது. 1966-ஆம் வருஷத்தில் தோன்றிய சிவசேனை, தென்னிந்தியர்கள் உத்தியோகங்களைப் பறித்துக்கொள்கிறார்கள் என்று கிளர்ச்சி செய்தபோதும் அந்த உரிமை அழிந்துவிடவில்லை. ஆனால் உரிமை வேறு, யுக்தம் வேறு. போகலாம் என்பதால் போகவே வேண்டும் என்று ஆகிவிடாது.

முதலில் நகரத்தின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். 1853-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. 1854-இல் முதல் பஞ்சாலைக் கம்பெனி ஏற்பட்டது. அன்று முதல், கிராமத்தில் நிலமின்றியும் மதிப்பின்றியும் கிடந்த லட்சக்கணக்கானோருக்கு அந்நகரம் ரொக்கக் கூலி கொடுத்து வந்திருக்கிறது. ரொக்கக் கூலி என்பது சாமானியமான காரியம் அன்று. பண்ணையாரின் தயவில் நெல் அளந்து வாங்கியவன், மாதம் முடிந்ததும் பணத்தை எண்ணி வாங்கும்போது முதுகு நிமிர்கிறது. டாக்டர் அம்பேத்கர் தம் வாலிபப் பருவத்தில் இருபது வருஷங்களுக்கு மேல் வாழ்ந்த இடம், பரேலில் தொழிலாளர் குடியிருந்த சிறு அறைகளே. எந்தத் தெரு, எந்தக் குலம் என்று விசாரித்துவிட்டுத் தண்ணீர் கொடுக்கும் ஊரிலிருந்து தப்பி வருகிறவனிடம் வாடகைக் கணக்கைக் காட்டி, "ஊரிலேயே இரு" என்று உபதேசம் செய்ய நமக்கு வாய் வராது. அவனைப் பொறுத்தவரையில் நகரம் விலை உயர்ந்ததானாலும் கிராமம் அதைவிட விலை உயர்ந்தது. அந்த விலையைப் பணத்தால் அளக்க முடியாது.

ஆனால் நகரம் ஒரு கையால் கொடுப்பதை மற்றொரு கையால் வாங்கிக்கொள்கிறது. கொடுக்கும் கை முதலாளியுடையது. வாங்கும் கை நிலத்தை உடையவனுடையது. சம்பளச் சீட்டைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் முதல் கையை மட்டுமே காண்கிறார்கள்.

மும்பை கடலால் சூழப்பட்ட ஒடுங்கிய நிலம். ஆதியில் ஏழு தீவுகளாய் இருந்ததைத் தூர்த்து ஒன்றாக்கினார்கள். ஜனங்கள் பெருகப் பெருக, நிலம் பெருகவில்லை. 1896-இல் பிளேக் நோய் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் ஏழைகளை அடைத்து வைத்ததன் பலன் அது என்பதைச் சர்க்கார் அப்போதுதான் உணர்ந்து, 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை நிறுவினார்கள். 1920-ஆம் வருஷங்களில் வொர்லி, பரேல், நாய்காம் முதலிய இடங்களில் தொழிலாளருக்காகச் சர்க்காரே "சால்" எனப்படும் வரிசை அறைக் கட்டிடங்களைக் கட்டினார்கள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. அதன் பரப்பு 160 சதுர அடி. நம் ஊர்த் திண்ணைகளில் சில அதற்குச் சற்றே சிறியவை. அந்த அறைகளில் மூன்று தலைமுறைகள் பிறந்து வளர்ந்திருக்கின்றன.

பிறகு வந்தது 1947-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம். யுத்த காலத்துக் கொள்ளை வாடகையைத் தடுக்கும் நல்ல நோக்கத்துடன், 1940-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி இருந்த வாடகையே நியாய வாடகை என்று அது நிர்ணயித்தது. அதற்குப் பின் முதன்முறையாக வாடகைக்கு விடப்பட்ட வீட்டுக்கு அந்த முதல் வாடகையே அளவாயிற்று. தாற்காலிகமாகப் பிறந்த இச்சட்டம் அரை நூற்றாண்டு நீடித்தது. விளைவு என்ன? உள்ளே இருந்தவன் அசையவில்லை. வீட்டுக்காரன் பழுது பார்க்கவில்லை. புதிதாக வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டுவாரும் அருகினர். ஓர் அறை காலியானால், சட்டம் அனுமதித்த சொற்ப வாடகைக்கு அப்பால் ஒரு பெருந்தொகை மறைவாகக் கை மாறிற்று. அதற்குப் "பகடி" என்று பெயர். தமிழில் அச்சொல்லுக்குப் பரிகாசம் என்று பொருள் உண்டு. கைப்பொருள் இல்லாமல் நகரத்துக்கு வந்து சேர்ந்தவன் நிலைமைக்கு அந்தப் பொருளும் பொருந்தவே செய்கிறது. அந்த உறைந்த வாடகை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று 1997-இல் சுப்ரீம் கோர்ட்டு அபிப்பிராயப்பட்டது. 1999-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் பழைய குடித்தனக்காரர்களுக்குப் பாதுகாப்பை நீட்டி, பகடியையும் சட்டபூர்வமாக்கிற்று.

இதில் நம் வாலிபர்கள் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அந்தப் பாதுகாப்பு முன்னே வந்தவர்களுக்கு உரியது. இன்று போகிறவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பதினொரு மாத அநுமதிப் பத்திரம். சட்டத்தின் கண்ணில் அவன் குடித்தனக்காரன் அல்லன்; அநுமதி பெற்றுத் தங்கியிருப்பவன். தவணை முடிந்தும் காலி செய்யாவிட்டால், பேசிய தொகையைப் போல் இரு மடங்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படி அவனுக்கு எதிராக உத்தரவாகலாம். சுருங்கச் சொன்னால், முந்தி வந்தவனுக்கு வீடு. பிந்தி வந்தவனுக்கு விருந்தாளியின் நிலைமை. அந்த விருந்தாளியும் இலவசமாக உண்ணவில்லை.

ஏழையின் கதி இதனினும் கொடிது. நாட்டின் மிக உயர்ந்த நியாயஸ்தலத்தின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் ஒரு தமிழன் கதையை இங்கே சொல்லுகிறோம். சேலம் ஜில்லாவில் நிலமற்ற கூலியாளாய் இருந்த ஒருவர், மழை பொய்த்து வேலையற்றுப் போகவே, 1961-ஆம் வருஷம் பம்பாய் சேர்ந்தார். தஹிசரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நாட்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்டு மறைத்த ஓரிடத்திற்காக, சேரிகளில் அதிகாரம் செலுத்தும் ஒருவன் அவரிடமிருந்து 2,500 ரூபாய் பறித்தான். மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் அவருடன் அங்கே வசித்தார்கள். அந்தக் கூலிக் கணக்கில், நூறு நாளைக்கு மேற்பட்ட உழைப்பு நடைபாதையில் ஒரு துண்டுக்கு விலையாயிற்று. அத்துண்டோ விற்றவனுக்குச் சொந்தமானதும் அன்று!

1981-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவதென்று ராஜாங்கத்தார் முடிவு செய்தபோது, அவரும் வேறு சிலரும் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தார்கள். 1985-இல் தீர்ப்பு வந்தது. ஜீவனோபாயத்திற்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று நீதிபதிகள் அறுதியிட்டுக் கூறினார்கள். பாரதச் சட்ட சரித்திரத்தில் அழியாத வாசகம் அது. ஆயினும், நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும், முறையாக அறிவித்து நகரசபை அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. பிழைக்க உரிமை உண்டு, படுக்க இடம் இல்லை! ஒரு பெருநகரத்தின் தர்மசங்கடம் முழுவதும் இந்த ஒரு வழக்கில் அடங்கியிருக்கிறது. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி மும்பையில் இருந்த 1 கோடியே 24 லட்சம் பேரில் சுமார் 52 லட்சம் பேர் சேரிகளில் வசித்தார்கள் என்றால், இது யாரோ ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட இயலுமா?

நிலம் இல்லாததால்தான் இந்தக் கஷ்டம் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். பஞ்சாலை நிலங்களின் கதை அதற்கு விடை. 1982 ஜனவரி 18-ந் தேதி சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அது வெற்றியடையவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. நகரத்தின் நடுவே நூற்றுக்கணக்கான ஏக்கர் காலியாகும் நிலைமை ஏற்பட்டது. 1991-ஆம் வருஷத்து விதியின்படி, ஆலை நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கும், மற்றொரு பங்கு பொது ஜனங்களுக்கான வீடுகளுக்கும் போக, எஞ்சியதே உடையவருக்கு உரியது. 2001-இல் அவ்விதியைத் திருத்தி, கட்டிடம் இல்லாத வெற்று நிலத்தில் மட்டுமே அந்தப் பங்கு என்றார்கள். ஆலைகள் நின்றிருந்த நிலமெல்லாம் கணக்கிலிருந்து கழன்றது. 2006-இல் சுப்ரீம் கோர்ட்டும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. தொழிலாளருக்கு வீடாகியிருக்க வேண்டிய இடத்தில் மாளிகைகளும் அங்காடிகளும் காரியாலயங்களும் எழுந்தன. காரியாலயங்களுக்கு ஆட்கள் வந்தார்கள். ரயில் நிலையமோ ஆலைக் காலத்து நிலையமாகவே இருந்தது. 2017 செப்டம்பர் 29-ந் தேதி எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைப்பாலத்தில் நெரிசலில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காலையில் வேலைக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். நிலம் இருந்தது, அது யாருக்கு என்ற கேள்வியில் ஏழை தோற்றான் என்பதே உண்மை.

இனி, குடும்பக் கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஊரில் மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒருவனுக்கு மும்பையில் 45,000 ரூபாய் என்கிறார்கள். இருபதினாயிரம் கூடுகிறது என்று வீடு மகிழ்கிறது. ஊரில் சொந்த வீடு, வாடகை இல்லை. அங்கே, நகரத்துக்கு வெகு தொலைவில் பிடித்தாலும் ஒரு சிறு வீட்டுக்கு 14,000 ரூபாய் என்று வைப்போம். தரகருக்கு ஒரு மாத வாடகை. பதினொரு மாதத்தில் வீடு மாறினால் மீண்டும் ஒரு மாத வாடகை. அதையும் மாதத்துக்குப் பங்கிட்டால் 15,000 ரூபாயைத் தாண்டுகிறது. எஞ்சிய உயர்வு 5,000-க்கும் குறைவு. இதற்குள் பால், காய்கறி, பள்ளிக்கூடச் சம்பளம் ஆகியவற்றின் விலை வித்தியாசமும், நல்லது கெட்டதுக்கு ஊர் வந்து போகும் செலவும் அடங்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்காக வாங்கிய கடனுக்கு வட்டியும் உண்டு. இருபதினாயிரம் என்று நினைத்துப் போனவன் கடைசியில் கைவிரலை எண்ணுகிறான்.

பணக் கணக்கைவிடப் பெரிது காலக் கணக்கு. விராரிலிருந்து சர்ச்கேட்டு சுமார் 60 கிலோ மீட்டர். கல்யாணிலிருந்து கோட்டைப் பகுதி 50 கிலோ மீட்டருக்கு மேல். வாடகைக்கு அஞ்சி அங்கே குடியிருப்பவனுக்கு, வீட்டு வாசலிலிருந்து வேலை வாசலுக்குப் போகவும் வரவும் தினம் நான்கு மணி நேரம் பிடிக்கிறது என்று கொள்வோம். வருஷத்தில் 300 வேலை நாட்களுக்கு 1,200 மணி. எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில் இது 150 நாள். சம்பளமில்லாமல் 150 நாள் ரயிலில் நின்றுகொண்டு உழைக்க எவனாவது சம்மதிப்பானா? ஆயினும் லட்சக்கணக்கானோர் தினமும் சம்மதிக்கிறார்கள். உட்கார இடமின்றி, வாசற்படியில் தொங்கிக்கொண்டு. 2023-ஆம் வருஷத்தில் மட்டும் அந்தப் புறநகர் ரயில் பாதைகளில் மாண்டவர்கள் 2,500-க்கு மேல். இந்த இழப்பு எந்தச் சம்பளச் சீட்டிலும் பிடித்தமாகக் காணப்படுவதில்லை.

அப்படியானால் போகவே கூடாதா? அவ்விதம் நாம் சொல்லவில்லை. போகிறவன் சில கேள்விகளுக்குத் தனக்குத் தானே விடை சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஒன்று: சம்பள உயர்வில் எவ்வளவு வீட்டுக்குப் போகும்? மொத்தச் சம்பளத்தோடு வாடகையை ஒப்பிடுவது கண்ணை மறைக்கும் கணக்கு. உயர்வில் பாதிக்கு மேல் வீடே விழுங்குமானால், குடும்பத்தோடு போவது நஷ்டம்.

இரண்டு: அங்கே கற்கும் தொழில் எத்தகையது? மூன்று நான்கு வருஷத்தில் கைவந்து, எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லக்கூடிய வித்தையானால், நகரத்தின் செலவைப் படிப்புச் செலவாகக் கருதிப் பொறுக்கலாம். ஊரில் செய்யும் அதே வேலையை அங்கே அதிகச் சம்பளத்துக்குச் செய்வதானால், லாபம் வீட்டுக்காரனுக்கே.

மூன்று: ஆறு மாதம் வேலை இல்லாமற் போனால் தாங்க முடியுமா? நகரத்தில் வேலை இழந்தவனுக்கு அடுத்த மாதமே கூரையும் போகிறது. ஆகவே ஊரில் உள்ள வீட்டையோ நிலத்தையோ விற்று முன்பணம் கட்டுவது பெரும் மௌடீகம். திரும்பி வரும் வழியை அடைத்துக்கொண்டு எவனும் புறப்படலாகாது.

நான்கு: பத்திரம் சரிதானா? 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி வாடகை ஒப்பந்தமோ அநுமதி ஒப்பந்தமோ எழுத்து மூலமாய், ரிஜிஸ்தர் செய்யப்பட்டதாய் இருக்க வேண்டும். ரிஜிஸ்தர் செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் தவறினால், மாறாக ருசுப்படுத்தப்படும் வரையில் குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே நிற்கும். இந்த ஒரு விதியை அறியாமல் முன்பணத்தை இழப்பவர்கள் அநேகர்.

இவற்றை ஒட்டி நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கல்யாணமாகாத வாலிபன், கற்கத்தக்க தொழிலுக்காக, இத்தனை வருஷம் என்று வரையறுத்துக்கொண்டு, நண்பர்களுடன் அறையைப் பகிர்ந்துகொண்டு போவது நன்று. ஊரில் மானத்தோடு வாழ இயலாதவன் எந்த நிபந்தனையும் இன்றிப் போகலாம். அவனைத் தடுப்பது பாவம். குழந்தை குட்டிகளுடன், சம்பளத் தொகை ஒன்றையே நம்பி, ஊர்ச் சொத்தை விற்றுவிட்டுப் போவதைப் பலமாகத் தடுக்கிறோம். பெருநகரத்துக்கு மாற்று கிராமம் ஒன்றே என்றும் எண்ண வேண்டாம். 2011-ஆம் வருஷத்திலேயே தமிழ்நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகளாய் இருந்தனர். கோயம்புத்தூர், திருப்பூர், ஓசூர், மதுரை, திருச்சி என்று நடுத்தர நகரங்கள் நமக்குப் பல. சம்பளம் குறைவாயினும் மிச்சம் அதிகமாகும் இடம் பெரும்பாலும் அவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

கடைசியாக, பொது வாழ்வில் ஈடுபட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. போவதா இருப்பதா என்பது அவரவர் சொந்த விஷயம் என்று நாம் கைகழுவிவிட முடியாது. சேலத்துக் கூலியாளுக்கு மழை பொய்த்த வருஷத்தில் சொந்த ஜில்லாவில் வேலை இருந்திருந்தால், அவர் நடைபாதைக்கு 2,500 ரூபாய் கொடுத்திருக்கமாட்டார். பம்பாயில் தொழிலாளிக்கு வீடு கட்டியிருந்தால், அங்கே சென்ற பிறகும் கொடுத்திருக்கமாட்டார். இரண்டு இடத்திலும் தவறியது அவரல்லர். ஆதலால் நமது கோரிக்கைகளும் இரண்டு. நடுத்தர நகரங்களில் தொழிலும் உயர்தரக் கல்வியும் பெருக வேண்டும்; பெருநகரங்களில் பொது நிலத்தையும் கைவிட்ட ஆலை நிலத்தையும் உழைப்போர் வாடகைக்கு இருக்கும் வீடுகளாக்க வேண்டும். இவற்றைக் கேட்காத அரசியல் எவ்வளவு உரத்துப் பேசினாலும் வெறும் பேச்சே.

போய்ச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. எங்கே வசிக்கிறார்களோ அங்கே வாக்காளர் ஜாபிதாவில் பெயரைப் பதிய வேண்டும். தொழிற்சங்கத்திலும் குடித்தனக்காரர் சங்கத்திலும் சேர வேண்டும். அண்டை வீட்டு மராத்தியனோடு அவன் பாஷையில் பேசக் கற்க வேண்டும். அவனுடைய தகப்பனும் ஒரு நாள் ரத்னகிரியிலிருந்தோ சதாராவிலிருந்தோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்நகரத்துக்கு வந்தவனாயிருக்கக் கூடும். இருவர் சம்பளத்தையும் தின்பது ஒரே வாடகை. அதை இருவரும் சேர்ந்து எதிர்க்கும் நாளில்தான் பெருநகரம் சாமானியனுக்கும் குடியிருக்கும் ஊராகும். அதுவரையில், ரயில் ஏறுமுன் ஒரு காகிதத்தை எடுத்து வரவு செலவை எழுதிப் பார்க்கும்படி நம் வாலிபர்களை வேண்டிக்கொள்கிறோம். அந்தக் காகிதத்தில் வாடகையை முதல் வரியாக எழுதுங்கள். சம்பளத்தை இரண்டாவதாக எழுதலாம்.